நின்று நின்று ஓடும் கலியாண வீடியோ

வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுவிஸில் இருக்கும் அவருடைய மாமி, பழைய கலியாண வீடியோ ஒன்றின் டிவிடியை ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக, முழுப் படிமமாக எடுத்து அனுப்பியிருக்கிறார். அறையிலுள்ள கொம்பியூட்டரில் அது சீராக ஓடுகிறது. விறாந்தையில் ரிவியோடு கொழுவியிருக்கும் பெட்டியில், கோடி மென்பொருளில், வைஃபை வழியாகப் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. அதே பெட்டியில் யூரியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறதாம். படிமத்தைச் சுருக்கி எம்பி4 ஆக்கினால் சரிவரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறார்.

செய்ய வேண்டாம். அந்தப் படிமத்தில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது.

கோடியைப் பலருக்குத் தெரியும். எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014 இல் கோடி ஆனது. இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. நான் சொல்ல விரும்புவது அதைப் பற்றியல்ல, அந்தப் படிமத்தைப் பற்றி.

டிவிடிப் படிமம் வெறும் படக் கோப்பு அல்ல. வட்டை 2048 பைட் கொண்ட துண்டுகளாக, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை, இருந்தபடியே பிரதியெடுத்தது. ஆகவே லேசர் படிக்கும் வட்டுக்கென்று செய்த ஏற்பாடுகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. மெனுவையும் அத்தியாயங்களையும் சொல்லும் ஐஎஃப்ஓ கோப்பு ஒவ்வொன்றுக்கும் பியுபி என்று ஓர் அச்சொட்டான பிரதி இருக்கும். ஒரே கீறலில் இரண்டும் போய்விடக்கூடாது என்று அதை வட்டில் தள்ளியே வைத்திருப்பார்கள். 8.5 கிகாபைட் கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டு இன்னும் அழகு. முதல் அடுக்கை லேசர் உள்ளிருந்து வெளியே படித்துப் போகும். விளிம்பில் குவியத்தை மாற்றிக்கொண்டு இரண்டாம் அடுக்கை வெளியிலிருந்து உள்ளே படித்து வரும். தொடக்கத்துக்கு ஓடிப்போகும் நேரம் மிச்சம். பழைய பிளேயர்களில் படம் நடுவில் ஒரு கணம் உறைந்தது அந்தத் திருப்பத்தில்தான். இவ்வளவையும் யோசித்துச் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சிக்கலும் இங்கேதான். அடுத்து எந்த இடத்துக்குத் தாவ வேண்டும் என்பதை டிவிடிக்குள் இருக்கும் கட்டளைகளே சொல்கின்றன. அதனால் படிமத்தைப் படிக்கும் நிரல், பழைய வட்டைப் படிப்பதுபோலவே 2048 பைட், 2048 பைட் என்று கேட்கிறது. மென்பொருள் முன்கூட்டியே அள்ளி வைக்காவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி போய் ஒரு பதில் வர வேண்டும். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்படுவதற்கு முன், கேரதீவுக்குப் பாதைப் படகு ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கடல் எவ்வளவு அகலமாகக் கிடந்தாலும், பாதை ஒரு தடவைக்கு எத்தனை வாகனம் ஏற்றுகிறது, போய்வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கணக்கு.

கணக்கையே பார்ப்போம். டிவிடிப் படம் உச்சமாகச் செக்கனுக்கு 10.08 மெகாபிட் கேட்கும். ஒரு துண்டு 16,384 பிட். செக்கனுக்கு 600 தடவைக்கு மேல் போய்வர வேண்டும். வைஃபையில் ஒரு பதில் வர 5 மில்லிசெக்கன் எடுத்தால், செக்கனுக்கு 200 தடவைதான் முடியும், கிடைப்பது 3.3 மெகாபிட். உங்கள் வைஃபை 50 மெகாபிட் என்று காட்டினாலும் படம் நிற்கும். யூரியூப் பெரிய பெரிய கட்டாக முன்னரே இறக்கி வைப்பதால் தப்பிவிடுகிறது.

ஐயத்தைத் தீர்க்க வழி, படிமத்தை ஒரு பென்டிரைவில் போட்டு அந்தப் பெட்டியிலேயே குத்திப் பார்ப்பது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், அதற்கு முன் உள்ளேயிருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சீராக ஓடினால் குற்றம் வைஃபையில். ரவுட்டரிலிருந்து வயர் இழுத்தால் பெரும்பாலும் தீரும். வயர் இழுக்க வசதியில்லை என்றால் மேக்எம்கேவி கொண்டு எம்கேவி ஆக்குங்கள். மெனு போகும், படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. படிமத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

பென்டிரைவிலும் நின்றால், படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ஓ (O) எழுத்தை அழுத்துங்கள். படத்தை விரிப்பது வன்பொருளா மென்பொருளா, செயலி எவ்வளவு திணறுகிறது என்று திரையிலேயே தெரியும். டிவிடியின் எம்பெக்-2 பழைய முறை என்பதால் சில பெட்டிகள் அதற்கு வன்பொருள் உதவி தருவதில்லை. ராஸ்பெரி பை 3 வரை அதற்கெனத் தனியே உரிமச் சாவி வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் மட்டும் படிமத்தைச் சந்தேகியுங்கள். வட்டில் கீறல் இருந்திருக்கும், மாமியிடம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

சுருக்குவதை நான் இவ்வளவு மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கால வீடியோவில் செக்கனுக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஒற்றை வரி இரட்டை வரி என்று இரு பாதி. அவசரமாகச் சுருக்கினால் மேளம் அடிக்கிறவரின் கை கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். அது பிறகு திரும்பாது. 2008 இல் சண்டை மன்னார்–பூநகரி வீதியால் நகர்ந்தபோது வெள்ளாங்குளம் இடம்பெயர்ந்தது. அல்பத்தையும் கசெட்டையும் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தவர்கள் எத்தனை பேர்? ஊரின் கலியாணங்களும் கோயில் திருவிழாக்களும் இன்று வெளிநாட்டு வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. அதில் ஒன்று முழுசாகத் திரும்பி வந்திருக்கும்போது, ரிவிப் பெட்டியின் வசதிக்காக அதை நறுக்குவது சரியல்ல.

படிமத்தை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். மூல இறுவட்டை வீச வேண்டாமென்று மாமியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஊர்த் திருவிழா, பள்ளிக்கூட விழா போன்றவை அந்த அலுமாரியில் இருந்தால், 2005 இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் போன்ற முயற்சிகளுக்கு ஒரு பிரதி கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.