திரும்பி வருவேன் என்பதற்கு என்ன சாட்சி?

கொழும்பில், வெள்ளவத்தைக் காலி வீதி நெடுகவும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும், வீசா எடுத்துத் தருவதாகச் சொல்லும் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. ரொறன்ரோவில் மகள், லண்டனில் தம்பி, பாரிஸில் மாமா என்று குடும்பங்கள் பிரிந்து வாழும் ஊரில் அது வியப்புமில்லை. ஆனால் நல்ல முகவர் கிடைத்துவிட்டால் வீசா வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பலருடைய காசையும் வாய்ப்பையும் கெடுக்கிறது. வீசா கொடுப்பது முகவரின் கையிலும் இல்லை; விண்ணப்பத்தையும் கைவிரல் அடையாளத்தையும் வாங்கி அனுப்பும் வி.எப்.எஸ். நிலையத்தின் கையிலும் இல்லை. முடிவு அந்தந்த நாட்டு வீசா அதிகாரியுடையது. விண்ணப்பித்தவர் சொன்ன நாளில் திரும்பிப் போவாரா என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். கனடாவின் விதிகளும் பிரித்தானியாவின் விதிகளும் இதை எழுத்திலேயே வைத்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டம் ஒருபடி மேலே போய், சுற்றுலா வீசா கேட்பவர் குடியேறத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பை அவர் தலையில் வைக்கிறது. ஆகவே விண்ணப்பம் தயாரிப்பது என்றால், இங்கே நமக்குள்ள வாழ்க்கையைக் காகிதத்தில் காட்டுவது.

சிங்கப்பூருக்கும் மாலைதீவுக்கும் குறுகிய பயணம் போகும் இலங்கையருக்கு முன்கூட்டி வீசா தேவையில்லை. இந்தியாவுக்கு, இலங்கையருக்கு 2015இல் தொடங்கிய இ-வீசாவை இணையத்தில் கேட்கலாம். கடினம் ஐரோப்பா, பிரித்தானியா, கனடா போன்ற இடங்களுக்குத்தான். அங்கே காலம் பெரிய விஷயம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை போகும். 2024 ஜூனிலிருந்து பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். எந்த நாட்டிடம் கேட்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பாரிஸில் இறங்கி மூன்று நாள் தங்கி, பிறகு சூரிச்சில் பத்து நாள் இருக்கப் போகிறவர் சுவிட்சர்லாந்திடம்தான் கேட்க வேண்டும். கூடுதல் நாள் தங்கும் நாடுதான் கணக்கு. இதற்கெல்லாம் முன்பு கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2024 பிற்பகுதியில் வெற்றுக் கடவுச்சீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முன் நீண்ட வரிசைகளில் மக்கள் காத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. கடவுச்சீட்டின் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகே பயணத் தேதியைப் பற்றிப் பேச வேண்டும்.

வங்கிக் கணக்கில் பெரிய தொகை இருந்தால் போதும் என்பது அடுத்த தவறான எண்ணம். அதிகாரி கடைசி மிகுதியோடு நிற்பதில்லை, பல மாத வங்கிக் கூற்றையும் படிக்கிறார். மாதாமாதம் சம்பளம் வந்து, வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் போய், மிஞ்சியது மெதுவாகச் சேர்ந்த கணக்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென்று இருபது இலட்சம் விழுந்த கணக்கு, கடன் வாங்கிய கதையைத்தான் சொல்லும். காணி விற்ற பணமென்றால் உறுதியின் பிரதியை இணைக்கலாம். வேலை செய்பவர் லீவு அனுமதித்த கடிதமும் ஊழியர் சேமலாப நிதி விபரமும், கடை வைத்திருப்பவர் வியாபாரப் பதிவும் வரிப் பத்திரமும் வைக்கலாம். நமக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயர். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் வழக்கத்தால், கணவனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக அவருடைய தகப்பன் பெயரும், மனைவி பிள்ளைகளுடையதில் கணவன் பெயரும் நிற்கும். வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இவர்கள் ஒரே குடும்பமாகத் தெரியமாட்டார்கள். கணேசன் என்ற ஒருவரே பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'கே' எழுத்திலும், கடவுச்சீட்டில் 'ஜி' எழுத்திலும் தொடங்குவதுண்டு. விவாகச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே, கடவுச்சீட்டில் உள்ள எழுத்தைக் காட்டிவிடுவது நல்லது. உறவுமுறையை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருப்பதைச் சொன்னால் மறுத்துவிடுவார்கள், மறைப்பதே புத்தி என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நமக்குப் போவதற்கு வலுவான காரணமாக இருப்பதே அதிகாரிக்குச் சந்தேகமாகவும் படலாம். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது அந்தச் சந்தேகத்தைக் குற்றமாக்கிவிடும். தவறான தகவல் கொடுத்தவரைக் கனடா 5 ஆண்டுகளுக்கும், ஏமாற்றியவரைப் பிரித்தானியா 10 ஆண்டுகளுக்கும் தள்ளி வைக்க முடியும். படிவத்தை நிரப்பியவர் முகவராக இருந்தாலும் கையெழுத்து நம்முடையது, தண்டனையும் நமக்கே. சொந்தக்காரரை வெளிப்படையாகச் சொல்லி, அவருடைய அழைப்புக் கடிதத்தையும் அங்குள்ள வதிவிட நிலையின் சான்றையும் இணைத்து, இங்கே நம்மைப் பிடித்து வைத்திருக்கும் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் காட்டுவதுதான் வலுவான வழி.

எல்லாம் சரியாக வைத்தும் மறுக்கிறார்களே என்ற கோபம் நியாயமானது. ஏழை நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை எடுத்த எடுப்பிலேயே சந்தேகிக்கும் இந்த முறை நேர்மையானதல்ல. மறுத்தாலும் கட்டணம் திரும்பி வராது. உறவினரைப் பார்க்கப் போவோருக்கு இருந்த முழு மேன்முறையீட்டு உரிமையைப் பிரித்தானியா 2013 ஜூனில் எடுத்துவிட்டது. ஆனால் இந்த அநியாயத்தைச் சொல்லிக் கவனக்குறைவுக்குச் சமாதானம் தேட முடியாது. மேன்முறையீடு குறைந்த இடத்தில் முதல் விண்ணப்பமே நம்முடைய வழக்கு. ஷெங்கன் நாடுகள் மறுப்பின் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும், அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் வழியுண்டு. கனடாவில் அதிகாரி எழுதிய குறிப்புகளை, அங்குள்ள உறவினர் மூலம் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். சொன்ன காரணத்துக்குப் பதில் வைக்காமல் அதே ஆவணக் கட்டை அடுத்த மாதம் திரும்பக் கொடுப்பவர், இரண்டாவது கட்டணத்தையும் இழப்பார்.

மூத்தவர்களுக்குப் படிவத்தைத் தட்டச்சு செய்து தர ஒருவர் தேவைப்படலாம். அதற்கு நியாயமான கூலி கொடுப்பதில் தவறில்லை. வீசா நிச்சயம் என்று வாக்குக் கொடுத்து இலட்சக்கணக்கில் கேட்பவர் தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார். எந்த முகவரிடமும் போகுமுன் அந்தந்த நாட்டின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலுள்ள ஆவணப் பட்டியலை வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். தன் வேலையையும் குடும்பத்தையும் வரவுசெலவையும் தன்னைவிட நன்றாக அறிந்த முகவர் எவருக்கும் கிடைக்கமாட்டார்.