உங்களுக்குத் தெரியுமா? நூறைத் தாண்டிய இரண்டு பாட்டிகள்

ஜப்பானியரிலேயே மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் ஃபுக்குவோக்காவின் கானே தனாக்கா. பிறப்பு 1903 ஜனவரி 2, மறைவு 2022 ஏப்ரல் 19. வயது 119 ஆண்டு 107 நாள்!

● முதியோர் இல்லத்தில் காலை 6 மணிக்கே எழுந்துவிடுவார். தினமும் கணக்குப் போட்டுப் பழகுவார்.

● கறுப்பு வெள்ளைக் காய்களைப் புரட்டி ஆடும் ஒத்தெல்லோவில் இல்லத்துப் பணியாளர்களையே ஜெயிப்பார்.

● சாக்லேட் என்றால் உயிர்.

நம்மிடமும் ஒரு பாட்டி இருந்தார்: கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாள்.

● மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர்.

● 2021இல், 105 வயதில், இயற்கை விவசாயத்துக்காகப் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வயதிலும் பவானிக் கரையோரம் தம் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை பார்த்தார்.

● கீரை, காய்கறி, சிறுதானியம் அன்றாட உணவு. மட்டன் பிரியாணியும் பிடிக்கும்.

● 2024 செப்டம்பர் 27 அன்று மறைந்தார்.

சாப்பாடு வேறு, நாடு வேறு. ஆனால் இருவருக்கும் விடிந்தால் செய்ய ஒரு வேலை காத்திருந்தது.

பெட்டாலிங் ஜெயா வாசகர்களே, வீட்டுப் பாட்டியிடம் "நீங்க சும்மா உட்காருங்க" என்று சொல்லாதீர்கள். காலையில் பசியாறியதும் தாமான் ஜெயா பூங்காவுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். வாசல் கறிவேப்பிலைச் செடிக்கு அவரே தண்ணீர் ஊற்றட்டும்!