பியானோவுக்குள்ள ஒரு தறி அட்டை

ஆரணி, கண்ணமங்கலம் பக்கம் பட்டுத் தறி பார்த்திருக்கீங்களா? பார்டர் டிசைன் போடுற தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதுல ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையா கோத்திருக்கும். ஓட்டை இருந்தா அதுக்குரிய பாவு நூல் மேல தூக்கும், இல்லன்னா தூக்காது. அட்டையில பட்டும் இல்ல, கலரும் இல்ல. உத்தரவு மட்டும்தான். 1804ல பிரான்ஸ்ல ஜக்கார்டு கொண்டுவந்த முறை இது.

டிஜிட்டல் பியானோவோட ரெக் பட்டனும் பெரும்பாலும் அப்படித்தான். அது சத்தத்தைப் பதிவு பண்றதில்ல. எந்தக் கட்டையை எப்போ அழுத்தினீங்க, எப்போ விட்டீங்க, எவ்வளவு வேகமா அடிச்சீங்கன்னு குறிச்சு வைக்குது. 1983ல வந்த மிடி முறையில அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரைக்கும் எண் உண்டு.

அதனாலதான் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி மாறாது. பியானோவுல வாசிச்சதை ஆர்கன் சத்தத்துல கேட்கலாம். ரெண்டு டிராக் இருந்தா, இடது கையை முதல்ல பதிவு பண்ணி, அதை ஓடவிட்டு வலது கையைச் சேர்க்கலாம். தனியா பயிற்சி பண்றவங்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. நான் முதல்முறை தப்பில்லாம வாசிச்ச இடது கை டிராக் மேலயே மறந்துபோய் மறுபடி ரெக் போட்டேன். பழசு அழிஞ்சது. அன்டூ கிடையாது. மூணு வாரப் பயிற்சி!

பிடிச்சது அமைஞ்சா உடனே யுஎஸ்பியிலயோ கம்ப்யூட்டர்லயோ காப்பி எடுங்க. அட்டை போனா, திரும்ப முதல்லேர்ந்து வெட்டணும்.