மூன்று மாதத்தில் மாறிய ‘வெள்ளையர்’

அமெரிக்கா 1790-ல் இயற்றிய சட்டப்படி, வந்து குடியேறியவர்களில் அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெற முடியும். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆனால் வெள்ளையர் என்றால் யார் என்று சட்டம் எங்குமே சொல்லவில்லை.

ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவா, 20 ஆண்டுகளாக அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர், அங்கேயே படித்தவர். தன் தோலும் வெண்மைதான் என்று வாதாடினார். தோலின் நிறம் அளவுகோல் ஆகாது, வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தார் என்று 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை நிராகரித்தது.

பஞ்சாபியான பகத் சிங் திந்த், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். வட இந்தியர் காகேசியரே என்று அன்றைய மானிடவியல் நூல்கள் சொல்லின. ஆகவே நீதிமன்றத்தின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு போனார். 1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட், இம்முறை அறிவியல் வகைப்பாட்டை ஒதுக்கிவிட்டு, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்கிறாரோ அவரே வெள்ளையர் என்றார்.

இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது திந்த் தரப்பின் வாதம். அவர் உயர்சாதி, கலப்பில்லாத ஆரிய ரத்தம், இந்தியப் பழங்குடியினரோடு மண உறவு கொள்ளாதவர் என்றெல்லாம் அடுக்கினார்கள். ஒரு பாகுபாட்டிலிருந்து தப்பிக்க இன்னொன்றைச் சான்றிதழாக நீட்டினார்கள்.

அந்த ‘கலப்பில்லாத ரத்தம்’ எங்கே இருக்கிறது? 1972-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின், உலகின் பல மக்களுடைய ரத்த வகைகளையும் புரதங்களையும் ஒப்பிட்டார். மனிதர்களிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. ‘இனங்களுக்கு’ இடையே இருந்தது 6 சதவீத அளவுதான். தோல் நிறமோ பெரும்பாலும் புற ஊதாக் கதிருக்கு உடல் தகவமைந்ததன் விளைவு. தென்னிந்தியர், ஆப்பிரிக்கர், மெலனீசியர் ஆகியோரின் கருமையைக் கொண்டு நெருங்கிய உறவை முடிவுசெய்ய முடியாது.

உடலில் கோடு இல்லாவிட்டாலும் சட்டம் போட்ட கோடு வாழ்க்கைகளை அறுத்தது. திந்த் தீர்ப்புக்குப் பின், ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய், நாடற்றவராகி 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியருக்குக் குடியுரிமை வாசல் 1946-ல்தான் திறந்தது. குடியுரிமைக்கான இனத்தடை முற்றிலும் நீங்க 1952 வரை ஆயிற்று. போர் வீரர்களுக்கான தனிச் சட்டத்தின் வழியே திந்த் 1936-லேயே குடிமகனாகிவிட்டார். ஒசாவா கடைசிவரை ஆகவே இல்லை.