உள்ளூராட்சித் தேர்தலும் அதற்குரிய காலமும்

கற்பிட்டித் தீபகற்பத்தில், மேற்கே கடலுக்கும் கிழக்கே புத்தளக் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்த ஊர் மாம்புரி. வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோரும் கடற்றொழில் புரிவோரும் வாழும் இத்தகைய ஊர்களின் அன்றாட நலம் பெரும்பாலும் சிறு காரியங்களிலேயே தங்கியுள்ளது. ஒழுங்கையில் விளக்கு எரிகின்றதா, சந்தைக் கழிவு அகற்றப்படுகின்றதா, மாரிநீர் வடிந்தோட வழியுண்டா, மயானத்திற்குச் செல்லும் பாதை செப்பமாயுள்ளதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறவேண்டியது பாராளுமன்றமன்று, பிரதேச சபையே. அச்சபைக்கு உறுப்பினரைத் தெரியும் நாள் எது, அந்நாளைக் குறிப்பவர் யார் என்பது சிறிய வினாப்போலத் தோன்றலாம். ஆயினும் உள்ளூராட்சியின் உயிர்நிலை அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.

தமிழர் வரலாற்றில் இதற்குப் பழைய சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அவற்றிலிருந்து ஓலையை எடுத்தான். நிலவுடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்ட பிராமணச் சபையாதலின், அதனை இக்காலத்து மக்களாட்சியோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. எனினும் அதன் ஒரு விதி இன்றும் கருதற்பாலது. வாரியத்தார் 360 நாள் பணியாற்றியபின் விலகுதல் வேண்டும். அண்மைய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தோர் மீண்டும் தெரியப்படார். பதவிக்காலம் எவருடைய விருப்பத்திலும் தொங்கவில்லை. கல்லிற் பொறித்த விதியிலே நின்றது.

இலங்கையில் இக்கால உள்ளூராட்சி 1865ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தோடு கொழும்பிலும் கண்டியிலும் தொடங்கிற்று. 1937இல் கொழும்பு மாநகரம் தான் தெரிந்தெடுத்த முதல் முதல்வரைப் பெற்றது. அப்பெருமைக்குரியவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. சுதந்திரத்தை அடுத்த காலத்தில் மாநகர சபை, நகர சபை, பட்டின சபை, கிராம சபை என நான்கு வகைச் சபைகள் இயங்கின. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது பட்டின சபைகளும் கிராம சபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. அவற்றிற்குரிய முதற் தேர்தல் 1991இலேயே நடைபெற்றது. ஆகவே சிற்றூர்கள் பத்தாண்டுக் காலம் தமக்கு அணித்தான சபையின்றி இருந்தன.

உள்ளூராட்சித் தேர்தலை நாட்டின் பொதுத் தேர்தலோடு சேர்த்து நடத்தாது தனி நாளில் நடத்துவதற்குக் காரணம் யாது? போர், வரி, வெளிநாட்டுக் கடன் என்னும் பேரொலிகளின் நடுவே, உடைந்த மதகைப் பற்றிய குரல் கேளாது போம் என்பதே காரணம். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1894ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் நகரத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாற்றியதும் இவ்வெண்ணம் பற்றியே. இதற்கு மறுப்பும் உண்டு. தனித்து நடக்கும் தேர்தலுக்கு மக்கள் திரண்டு வருவதில்லை. இங்கிலாந்தின் உள்ளூர்த் தேர்தல்களில் வாக்காளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வாக்களிப்பது வழக்கம். வருவோர் சிலராயின், ஒழுங்காகத் திரட்டப்பட்ட சிறு கூட்டத்தின் வாக்கு அளவுக்கு மிஞ்சிய வலிமை பெறும். இதனை உணர்ந்தே கலிபோர்னியா மாநிலம் 2015இல் இயற்றிய சட்டத்தினால், வாக்களிப்பு மிகக் குறைந்த உள்ளூர்த் தேர்தல்களைப் பொதுத் தேர்தல் நாளோடு இணைக்கச் செய்தது.

இவ்விரு கொள்கைகளையும் இலங்கையின் அண்மைக்கால அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். 2024 செப்டெம்பர் 21இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் நூற்றுக்கு 79.46 வீதமானோர் வாக்களித்தனர். நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அது 68.93 ஆகக் குறைந்தது. 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீதத்தைச் சற்றே கடந்தது. எட்டு மாதத்துள் மூன்று முறை வாக்குச்சாவடிக்கு அழைக்கப்பட்டோர் களைப்புற்றனர் எனக் கொள்ளலாம். ஆயினும் 2018 பெப்ரவரி 10இல் உள்ளூராட்சித் தேர்தல் தனித்தே நடந்தபொழுது ஏறத்தாழ 80 வீதமானோர் வாக்களித்தனர். எனவே தனி நாள் என்பதொன்றே மக்களை வீட்டில் நிறுத்துவதில்லை.

பிறிதோர் உண்மையும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் 61.56 வீத வாக்குப் பெற்ற தேசிய மக்கள் சக்தி, ஆறு மாதங் கழித்து உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 வீதமே பெற்றது. வாக்களிப்புக் குறைந்தமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் பாராளுமன்றத்திற்கு ஒரு கட்சியையும் தம் வட்டாரத்திற்கு அறிமுகமான வேறொருவரையும் தெரியும் வாய்ப்பைத் தனி நாள் மக்களுக்கு அளித்தது என்பது மறுக்கற்பாலதன்று. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் கட்சிகளின் பட்டியலிலிருந்தும் வரும் இன்றைய கலப்பு முறை இவ்வாய்ப்பைப் பெருக்குகின்றது. அம்முறையில் எக்கட்சிக்கும் அரைவாசிக்கு மேல் ஆசனம் கிட்டாவிடின், முதல்வரை அல்லது தவிசாளரை உறுப்பினரே தெரிதல் வேண்டும். 117 உறுப்பினர் கொண்ட கொழும்பு மாநகர சபையில் 48 ஆசனம் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் 2025 யூன் 16இல் 61 வாக்குகளால் முதல்வராகத் தெரியப்பட்டமை இவ்வாறே.

இங்ஙனமாக, தனி நாள் குறையுடையதாயினும் பயனுடையது. அப்பயன் முழுமையாகக் கிட்டுதற்கு அந்நாள் நிலையானதாக இருத்தல் வேண்டும். இலங்கையின் குறை இங்கேதான் தோன்றுகின்றது. சனாதிபதியின் பதவிக்காலத்தையும் பாராளுமன்றத்தின் காலத்தையும் அரசியலமைப்பு வரையறுக்கின்றது. உள்ளூராட்சிச் சபையின் நான்காண்டுக் காலமோ சாதாரண சட்டத்தில் உள்ளது. அதனை ஓராண்டு வரை நீட்டுதற்கு அமைச்சருக்கு அதிகாரமும் உண்டு.

அதன் விளைவைக் காலவரிசையே காட்டும். 2011இல் தேர்தல்கள் ஒரே நாளில் நடவாது, மார்ச், யூலை, ஒக்டோபர் மாதங்களில் மூன்று கட்டங்களாக நடந்தன. அச்சபைகளுட் பெரும்பாலானவற்றின் காலம் 2015இல் முடிந்தது. வட்டார எல்லைகளை வகுக்கும் பணி இழுபட்டமையால் அடுத்த தேர்தல் 2018இலேயே வந்தது. அப்போதும் வழக்கொன்றினால் விடுபட்ட எல்பிட்டிய பிரதேச சபைக்கு 2019 ஒக்டோபர் 11இல் தனியே தேர்தல் நடந்தது. சனாதிபதித் தேர்தல் அடுத்த மாதம் நடக்கவிருந்தமையால், ஒரு சிறு பிரதேசத்தின் தேர்தலை நாடு முழுவதும் முன்னோட்டமாக நோக்கிற்று. ஊர்க் காரியம் பின்தள்ளப்பட்டது. தனி நாளாக இருந்தும் அதன் நோக்கம் சிதைவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

2018இல் அமைந்த சபைகளின் காலம் 2022இல் ஓராண்டு நீட்டப்பட்டு, 2023 மார்ச் 19இல் முடிந்தது. மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தலோ நடைபெறவில்லை. வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டிருந்தும், திறைசேரி பணம் விடுவிக்காமையால் வாக்குச்சீட்டு அச்சிடும் பணி நின்றது. பொருளாதார நெருக்கடி காரணமாகக் கூறப்பட்டது. உரிய காலத்தில் தேர்தல் நடவாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்து, விரைவில் அதனை நடத்துமாறும் பணித்தது. புதிய சபைகள் 2025 யூன் 2இல் தொடங்கின. இடையே கழிந்தவை இரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

அவ்விடைக்காலத்தில் சபைகளின் அலுவல்கள் அதிகாரிகள் கையில் இருந்தன. அவர்கள் நேர்மையோடும் உழைப்போடும் பணியாற்றியிருக்கலாம். ஆனால் அதிகாரி தமக்கு மேலுள்ளோர்க்கு விடை கூறுபவர். உறுப்பினரோ தம்மைத் தெரிந்தவர்க்கு விடை கூறுபவர். விளக்கு எரியாத ஒழுங்கையில் வாழ்பவர் அடுத்த தேர்தலில் தம் வாக்கை மாற்றிப் போடலாம் என்பதே அவர் கையிலுள்ள ஒரே கருவி. தேர்தல் நாள் தள்ளிப்போகும்போது அக்கருவி அவர் கையிலிருந்து பறிபோகின்றது. மாம்புரி அடங்கிய வடமேல் மாகாணத்தில் இந்நிலை பிரதேச சபையோடு நிற்கவில்லை. அம்மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் நடந்த தேர்தலுக்குப்பின், 2025ஆம் ஆண்டு முடியும்வரை மற்றொரு தேர்தல் நடைபெறவில்லை.

பரிகாரம் யாது? இந்தியா 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் திருத்தங்களால், ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் உள்ளூராட்சித் தேர்தல் நடத்துதலை அரசியலமைப்புக் கடமையாக்கிற்று. இலங்கைக்கும் அத்தகைய விதி வேண்டும். ஆயினும் எழுத்து மாத்திரம் போதாது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அங்கு 2016 ஒக்டோபரில் காலம் முடிந்த சபைகளுக்கு, ஊரகப் பகுதிகளில் 2019 திசெம்பர் முதலும், நகரங்களில் 2022 பெப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. விதியைக் காக்க விழிப்புடைய நீதிமன்றமும், அதனினும் விழிப்புடைய மக்களும் வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் ஒரு நாள் தவறினும் நாடு கொதித்தெழும். பிரதேச சபைத் தேர்தல் ஈராண்டு தவறியபொழுதும் அத்தகைய கொதிப்பு ஊர்களில் எழவில்லை. தன் ஊர்ச் சபையின் தேர்தல் நாளை ஒவ்வோர் ஊரும் தன் உரிமையாக எண்ணிக் கணக்கு வைக்கும் காலத்திலேயே, அந்நாள் ஆள்வோர் கையினின்று நீங்கி விதியின் கையை அடையும்.