பேசச் சொன்னால் ஏன் திணறல்?

செவிலியர் கல்லூரியின் ஆங்கில வகுப்பில் மாணவர்கள் வாய் திறக்கத் தயங்குவதற்கு மொழியறிவுக் குறைவு மட்டுமே காரணமல்ல. உடற்கூறியலை ஆங்கிலத்தில் படித்துத் தேர்வெழுதும் மாணவியே, எழுந்து நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் திணறுகிறார்.

எழுதும்போது அடித்துத் திருத்த நேரம் உண்டு. பேச்சிலோ சொல்லைத் தேடுவது, வாக்கியம் அமைப்பது, ஒலிப்பது எல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். இந்த வேலையைத் தாங்கும் செயல்நினைவின் கொள்ளளவு சிறியது. ‘தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ’ என்ற கவலையும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தெரிந்த சொல்லும் நாவுக்கு வருவதில்லை. ஒருமுறை தடுமாறினால் அடுத்த முறை அச்சம் கூடும். பிறகு மௌனமே பழக்கமாகும். மொழி வகுப்பில் எழும் இந்தப் பதற்றத்தை அளக்க, ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸ் குழுவினர் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை 1986இல் வெளியிட்டனர்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. வார்டில் நோயாளியிடம் பேசுவது பெரும்பாலும் தமிழில்தான். அப்படித்தான் பேசவும் வேண்டும். ஆங்கிலம் ரெக்கார்டு நோட்டுக்கும் கேஸ் ஷீட்டுக்கும் என்று ஒதுங்கிவிடுகிறது. பேசிப் பழக எஞ்சுவது வகுப்பறை மட்டுமே. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, ஆங்கிலவழித் தோழியர் கேட்டுக்கொண்டிருக்கும் அவை அது.

இதைத் தணிக்க வகுப்பிலேயே வழி உண்டு. இருவர் இருவராக, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியராகவும் நடித்துப் பேசும் பயிற்சியில் கேட்பவர் ஒருவரே என்பதால் அச்சம் குறைகிறது. வெளிநாட்டு வேலைக்காகச் செவிலியர்கள் எழுதும் ஓஇடி தேர்வின் பேச்சுப் பகுதியிலும் இத்தகைய இரண்டு உரையாடல்களே மதிப்பிடப்படுகின்றன. பேசி முடிக்கும்வரை ஆசிரியர் இடைமறித்துத் திருத்தாமல் இருப்பதும் உதவும்.