சிபாரிசுக்கு அசையாத ஓமந்தூரார்

உங்கள் பிள்ளை பி.ஏ. தேறிவிட்டு உத்தியோகம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாணத்துக்கே பெரிய மந்திரியாக இருப்பவர் உங்கள் ஊர்க்காரர். ஒரு வகையில் உறவும்கூட. என்ன செய்வீர்கள்? “நான் அவர் வீட்டுப் பக்கமே போகமாட்டேன்” என்று சொல்லக்கூடிய தாய்மார்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

ஒரு கையையும் காணோமே? போகட்டும். அப்படிப் போனாலும் காரியம் நடக்காது என்று பெயர் வாங்கிய ஒரு மந்திரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பாதையில் இருக்கிறது ஓமந்தூர். அன்று தென்னாற்காடு ஜில்லா. 1993-ல் ஜில்லாவைப் பிரித்த பிறகு விழுப்புரம் மாவட்டம். அந்த ஊர் விவசாயி ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சு மாதம் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். இன்று நாம் முதலமைச்சர் என்கிறோமே, அந்தப் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். சுதந்திரம் வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே.

பெரிய மனிதர்களைப் பற்றி ஒரு சங்கடம் உண்டு. யாரோ எங்கேயோ சொன்ன சாமர்த்தியமான பேச்செல்லாம் அவர்கள் கணக்கில் ஏறிவிடும். அநாதைப் பேச்சுக்குப் பணக்காரத் தகப்பன் கிடைப்பதுபோல! இங்கிலாந்தில் சர்ச்சில், நம் ஊரில் ராஜாஜி. அவர்கள் சொன்னவை போதாதென்று, சொல்லாதவையும் அவர்கள் பெயரில் உலவுகின்றன. ஓமந்தூராரைப் பற்றியும் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் சொன்ன பேச்சைவிடச் சொல்லாத ‘சரி’தான் அதிகம்.

பதவி ஏற்குமாறு காங்கிரஸ் தலைவர்கள் வற்புறுத்தியபோது அவர் சுலபத்தில் இசையவில்லை என்றும், நிர்வாகத்தில் கட்சிக்காரர்கள் தலையிடக்கூடாது என்று நிபந்தனை போட்டே ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லுவார்கள். பதவிக்கு வருகிறவர் நிபந்தனை போடுவதா, பதவி கொடுக்கிறவர்கள் போடுவதா? யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பெரிய ஹாஸ்யம் அரசியலில் உண்டா?

கதையை நம்ப வேண்டாம் என்கிறீர்களா? சரி, காரியத்தைப் பாருங்கள். இரண்டே வருஷ ஆட்சி. 1947-ல் எல்லா ஜாதியாருக்கும் ஆலயக் கதவைத் திறக்கும் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எத்தனையோ வருஷங்களாக மன்றாடிய தேவதாசி ஒழிப்பும் அதே வருஷம் சட்டமாயிற்று. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. பின்னால் 1971-ல் அது தளர்ந்தது வேறு கதை. அன்று எத்தனை வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்திருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெரிய மனிதரின் காலை மிதித்தவை. ஜமீன்தாருக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லையா? கள்ளுக்கடைக் குத்தகைக்காரருக்குச் செல்வாக்கு இல்லையா? உறவுக்காரப் பையனின் உத்தியோகத்துக்காக ஒரு முறை வளைந்த கை, அடுத்த முறை ஜமீனுக்காகவும் வளையத்தான் செய்யும். சின்னச் சிபாரிசு, பெரிய சிபாரிசு என்று தனித்தனி வாசல் கிடையாது.

இதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. ஆசைப்பட்டது நடக்காத சட்டசபைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கட்சிக்குள் அதிருப்தி முற்றியது. 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவியை விட்டு விலகினார். அடுத்து வந்தவர் குமாரசாமி ராஜா. நாற்காலியிலிருந்து இறங்கிய ஓமந்தூரார், வள்ளலாரின் வழியில் மனத்தைச் செலுத்தி, வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையம் கண்டு, பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கப் போய்விட்டார். 1970-ல் காலமானார்.

அரசியல் ஞானம் என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஏறும்போது நிபந்தனையோடு ஏறுவது, இறங்கும்போது புலம்பாமல் இறங்குவது என்ற இரண்டைவிடப் பெரிய ஞானம் எனக்குத் தெரியவில்லை. நமக்கும் இதில் பங்கு உண்டு. சிபாரிசினால் நம் பிள்ளைக்குக் கிடைக்கிற நாற்காலி, சிபாரிசு இல்லாத இன்னொரு தாயின் பிள்ளை உட்கார வேண்டியதாக இருக்கலாம் அல்லவா?

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே இப்போது அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரி நடக்கிறது. என்றைக்காவது அங்கே வரிசையில் நிற்க நேர்ந்து, “உள்ளே தெரிந்தவர் யாராவது உண்டா?” என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்கத் தோன்றினால், வாசலில் எழுதியிருக்கும் பெயரை ஒரு தரம் படித்துவிட்டுக் கேளுங்கள்!